டிரம்லைன் ரசிகருக்கு டிசிஐ மதிப்பெண் முறை எவ்வளவு உதவுகிறது?

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ, ஒவ்வொரு கோடையிலும் நடத்தும் போட்டிகளை இணையத்தில் கட்டணம் செலுத்தி நேரலையாகப் பார்க்கலாம். போட்டி முடிந்த இரவே நடுவர்கள் அளித்த மதிப்பெண்களின் விரிவான பட்டியலை அந்த அமைப்பின் தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஒளிபரப்பின் படத்தரம், சந்தா விலை போன்றவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்த விமர்சனம் அந்த மதிப்பெண் பட்டியலையும், அதன் பின்னால் இருக்கும் நடுவர் முறையையும், போட்டி விதிகளையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதிலும் தாளவாத்தியங்களுக்காகவே இப்போட்டியைப் பார்க்க வருகிறவரின் பக்கத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில விவரங்கள் தேவைப்படும். டிரம் கோர் என்பது பித்தளை ஊதுகருவிகள், தாளவாத்தியங்கள், கொடியும் நடனமுமாக ஆடும் கலர் கார்டு ஆகிய மூன்று பிரிவுகள் கொண்ட அணிவகுப்பு இசைக்குழு. கிளாரினெட், புல்லாங்குழல் வகைக் கருவிகளுக்கு இடமில்லை. இளைஞர் பிரிவில் பருவம் தொடங்கும்போது 21 வயதைக் கடக்காதவர்களே ஆட முடியும். எல்லா வயதினருக்குமான தனிப் பிரிவு 2024 முதல் டிசிஐயின் கீழ் நடக்கிறது. டிரம்லைன் என்று ரசிகர்கள் அழைக்கும் தாளவாத்தியப் பிரிவு இரண்டு பகுதிகளாக நிற்கும். ஸ்நேர், டெனர், பாஸ் டிரம் ஆகியவற்றைத் தோளில் சுமந்து மைதானம் முழுதும் நகர்ந்துகொண்டே வாசிப்பது பேட்டரி. மரிம்பா, வைப்ரஃபோன், டிம்பனி முதலியவற்றுடன் மைதானத்தின் முன்விளிம்பில் நிலையாக நிற்பது ஃப்ரண்ட் என்செம்பிள். ரசிகர்கள் அதைப் பழைய வழக்கப்படி ‘பிட்’ என்றே சொல்வார்கள்.

மொத்த மதிப்பெண் 100. அதில் 40 ‘ஜெனரல் எஃபெக்ட்’ எனப்படும் ஒட்டுமொத்தத் தாக்கத்துக்குப் போய்விடுகிறது. மீதி 60இல் காட்சிக்கு 30, இசைக்கு 30. இசைக்கான முப்பதும் பித்தளை, தாளவாத்தியம், இரண்டும் சேர்ந்து ஒலிப்பதை மதிப்பிடும் இசைப் பகுப்பாய்வு என்ற மூன்று மதிப்பெண் தாள்களிலிருந்து வருகிறது. ஒவ்வொரு தாளும் 20க்குத் திருத்தப்பட்டு, மூன்றின் கூட்டுத்தொகை பாதியாக்கப்படும். அதாவது தாளவாத்திய நடுவர் தம் தாளில் எழுதும் இருபது, இறுதிக் கணக்கில் பத்தாகத்தான் போய்ச் சேருகிறது. அவர் ஒரு குழுவுக்குப் பத்தில் ஒரு புள்ளி குறைத்தால் மொத்தத்தில் 0.05 குறையும். பெரிய போட்டிகளில் ஒரே தாளுக்கு இரு நடுவர்களை அமர்த்திச் சராசரி எடுக்கும்போது, ஒரு நடுவரின் அதே பத்தில் ஒரு புள்ளி வெறும் 0.025 ஆகச் சுருங்கிவிடும்.

இவ்வளவு நுண்ணிய கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் 2008ஆம் ஆண்டு இறுதிப் போட்டியின் முடிவைப் பார்க்க வேண்டும். ஃபேண்டம் ரெஜிமெண்ட் 98.125, புளூ டெவில்ஸ் 98.100. சாம்பியன் பட்டத்தைத் தீர்மானித்த இடைவெளி 0.025. இரட்டை நடுவர் முறையில் இசைத் தாள் ஒன்றில் ஒரே ஒரு நடுவர், ஒரே ஓர் எண்ணை ஒரு படி மாற்றி எழுதினால் உண்டாகும் வேறுபாடு எவ்வளவோ அவ்வளவுதான் இதுவும். 1996, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதலிடத்தில் இரு குழுக்கள் சமநிலையில் நின்று பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. இந்த அளவுக்கு நெருக்கமான முடிவுகள் வரும் ஒரு போட்டியில் மதிப்பெண் முறையைப் பற்றிச் சண்டை வராமல் இருந்தால்தான் வியப்பு.

தாளவாத்திய ரசிகரின் முதல் முறையீடு அந்தப் பத்து என்ற எண்தான். முப்பது பேருக்கும் மேல் இரவு பகலாகப் பயிற்சி செய்து, ஒன்பது ஸ்நேர் டிரம்களும் ஒரே டிரம்மைப் போல ஒலிக்கும்படி வாசிக்கிறார்கள். நேரடிப் பயனாகக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு. ஸ்காட்லாந்தின் பைப் பேண்ட் (பைக்குழலும் டிரம்மும் சேர்ந்த குழு) போட்டிகளோடு ஒப்பிட்டால் இந்த வருத்தம் இன்னும் கூடும். கிளாஸ்கோ கிரீனில் நடக்கும் உலகப் போட்டியில் நான்கு நடுவர்கள்: இருவர் குழல் இசைக்கு, ஒருவர் டிரம்மிங்குக்கு, ஒருவர் மொத்த இசைவுக்கு. நால்வரும் குழுக்களை வரிசைப்படுத்துகிறார்கள். நான்கு வரிசை எண்களையும் கூட்டி முடிவு சொல்லிவிடுகிறார்கள். அங்கே டிரம் வாசிப்பவர்களின் கையில் கால் பங்கு இருக்கிறது.

ஆயினும் இந்த முறையீட்டை முழுதாக ஏற்க என்னால் முடியவில்லை. பேட்டரி கலைந்தால் இசைப் பகுப்பாய்வுத் தாளும் அடிவாங்கும், ஒட்டுமொத்தத் தாக்கத் தாளும் அடிவாங்கும்; அதனால் பித்தளைக்காரர்களின் கால் தடுமாறினால் காட்சித் தாளும் சேர்ந்து சரியும். லயம் அந்த மைதானத்தில் எல்லோருக்கும் பொதுவான தரை. 2018இல் சான்டா கிளாரா வான்கார்ட் பட்டத்தை வென்றபோது தாளவாத்தியத்துக்கான ஃபிரெட் சான்ஃபர்ட் விருதும் அவர்களுக்கே சென்றது. இரண்டும் ஒரே வீட்டுக்குப் போனது தற்செயல் என்று அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர் எவரும் சொல்லமாட்டார். விருதின் பெயருக்கு உரிய ஃபிரெட் சான்ஃபர்ட், 1970களில் அதே வான்கார்டின் டிரம் பகுதிகளை எழுதியவர் என்பது இங்கே சேர்த்துச் சொல்லத் தக்கது. இந்த விருதை ஓர் இரவின் எண்ணைக் கொண்டு கொடுக்காமல், முதல்கட்டம், அரையிறுதி, இறுதி ஆகிய மூன்று இரவுகளின் சராசரியைக் கொண்டு கொடுக்கிறார்கள். முறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஓர் இரவில் ஒரு நடுவரின் காது எங்கே நின்றது என்ற அதிர்ஷ்டத்தை அது பெரிதும் குறைத்துவிடுகிறது.

பழைய முறையை அறிந்தவர்கள் இன்றைய முறையை இவ்வளவு குறைசொல்லமாட்டார்கள். 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டரில் முதல் டிசிஐ பட்டப்போட்டி நடந்தபோதும், அதற்குப் பிறகு 1983 வரையிலும், ‘டிக்’ முறை என்று அழைக்கப்பட்ட ஒன்றே நடைமுறையில் இருந்தது. நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாகக் குழுவினருக்கு இடையில் நடந்து, காதில் விழுந்த ஒவ்வொரு பிசிறுக்கும் ஒரு கோடு கிழிப்பார்கள். ஒரு கோட்டுக்குப் பத்தில் ஒரு புள்ளி போய்விடும். முழு மதிப்பெண்ணில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும் கணக்கு அது. கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கிறது, யாரும் மறுக்க முடியாத எண்ணிக்கை. விளைவோ வேறு. கடினமான பகுதியை எழுதினால் அதிகக் கோடு விழும், எளிதானதை எழுதினால் தப்பிக்கலாம் என்னும்போது, எழுதுகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 1984இல் அந்த முறை கைவிடப்பட்டு, செய்து காட்டியதைக் கூட்டிக்கொண்டு போகும் முறை வந்த பிறகே டிரம் பகுதிகளின் வேகமும் அடர்த்தியும் இன்று நாம் கேட்கும் நிலைக்கு வளர்ந்தன.

இப்போது தாளவாத்தியத் தாளில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. எதை வாசிக்க எடுத்துக்கொண்டார்கள் என்பது உள்ளடக்கம். எடுத்துக்கொண்டதை எப்படி வாசித்தார்கள் என்பது நிறைவேற்றம். இரண்டுக்கும் சம மதிப்பு. கைதவறிக் குச்சி விழுந்தால் இவ்வளவு கழிவு என்று நிலையான தண்டனை கிடையாது. அடுத்த சில தாளங்களுக்குள் அந்தக் கலைஞர் மாற்றுக் குச்சியை எடுத்து எப்படி மீண்டு வருகிறார் என்பதையும் நடுவர் பார்த்துக்கொள்கிறார். இந்த மனிதத்தன்மை எனக்குப் பிடிக்கிறது. அதற்குரிய விலையும் உண்டு: நிறைவேற்றத்தைக் காது கேட்டுச் சொல்லிவிடும், உள்ளடக்கம் என்பதோ பெரும்பாலும் நடுவரின் ரசனை. ஒரே நிகழ்ச்சியை ஜூனில் பார்த்த நடுவரும் ஆகஸ்டில் பார்த்த நடுவரும் உள்ளடக்கத்துக்கு வேறுபட்ட எண் தருவதைப் பட்டியல்களில் அடிக்கடி காணலாம். பருவத்தின் நடுவில் குழுக்கள் பகுதிகளை மாற்றி எழுதுவது உண்மைதான்; மாற்றாத குழுவுக்கும் எண் ஏறுவதற்கு அந்த விளக்கம் போதாது. இங்கே நடுவர் தருவது தனித்த மதிப்பு அன்று, அந்த இரவில் மற்றக் குழுக்களுக்கு மேலோ கீழோ என்ற இடம்தான் என்று புரிந்துகொண்டால் பட்டியல் தெளிவாகிவிடும். ஓர் இரவின் எண்ணை அதே இரவின் இன்னோர் எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு குழு வாங்கிய எண்ணையும் டெக்சாஸில் வேறொரு குழு வாங்கிய எண்ணையும் அருகருகே வைத்து வாதாடுகிறவர்கள் வீணாகத் தொண்டையை வறளவைத்துக்கொள்கிறார்கள்.

உச்சியில் இன்னொரு நெருக்கடி இருக்கிறது. 2014இல் புளூ டெவில்ஸ் 99.650 பெற்றது, டிசிஐ வரலாற்றில் இதுவரை வழங்கப்பட்ட மிக உயர்ந்த மதிப்பெண் அது. அதற்கு மேல் 0.35 புள்ளியே மிச்சம். இவ்வாறு இறுதி வாரத்தில் முன்னணிக் குழுக்களின் எண்கள் எல்லாம் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும்போது, முதல் குழுவுக்கும் நான்காம் குழுவுக்கும் உள்ள உண்மையான தூரத்தைக் காட்ட நடுவரிடம் இடமே இருப்பதில்லை. பருவத் தொடக்கத்தில் தாராளமாக எண் போட்டுவிட்டு முடிவில் திணறுவது பல ஆண்டுகளாகத் தொடரும் பழக்கம். இதை விதியால் மாற்ற முடியாது, பயிற்சியால்தான் முடியும்.

நடுவர் நிற்கும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சச்சரவுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். பிட்டுக்குப் பின்னால் 27 மீட்டர் தள்ளி பேட்டரி நின்றால், அதன் ஒலி முன்விளிம்புக்கு வந்து சேர 0.08 நொடி ஆகும். நிமிடத்துக்கு 180 துடிப்பு என்ற வேகத்தில் ஒரு துடிப்பை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்குக்கும் கிடைக்கும் காலமும் ஏறத்தாழ அதே 0.08 நொடிதான். எல்லோரும் முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தும் டிரம் மேஜரின் கையைப் பார்த்தே வாசித்தால், பார்வையாளரின் காதுக்குப் பேட்டரி ஒரு கால்துடிப்புப் பிந்தி வந்து விழும். எனவே பின்னாலிருந்து வரும் ஒலியைக் கேட்டு, அதன் மேல் தன் வாசிப்பை வைக்க பிட்டுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். கண்ணை நம்பாதே, காதை நம்பு என்பதே அங்கே பாலபாடம். இனி நடுவருக்கு வருவோம். தாளவாத்திய நடுவர் மைதானத்துக்குள் இறங்கிப் பேட்டரியை ஒட்டி நடப்பது நெடுங்கால வழக்கம். அங்கே நின்றால் பிட் பிந்துவதாகவே கேட்கும், ஏனெனில் அது பின்னாலிருந்து வரும் ஒலிக்குக் காத்திருக்கிறது. அதன் ஒலி மீண்டும் அவரை வந்தடையவும் நேரம் ஆகிறது. மேலே அமர்ந்திருக்கும் இசைப் பகுப்பாய்வு நடுவருக்கோ இரண்டும் பொருந்தி வரும். இருவரும் ஒரே நிகழ்ச்சியைக் கேட்டு இருவேறு கருத்தைச் சொன்னால் இருவருமே சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அருகில் நிற்பதால் மட்டுமே கிடைக்கும் செய்தியும் உண்டு. ஐந்து பாஸ் டிரம்களும் ஒரு வரியைப் பங்கிட்டு வாசிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன வேகத்தில் ஒவ்வொருவரும் ஓர் அடி மட்டும் அடித்துவிட்டு அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஐந்து பேரின் ஐந்து அடிகளும் ஒருவரே அடித்ததைப் போல இடைவெளி பிசகாமல் விழ வேண்டும். மூன்றாமவர் இம்மி முந்தினாலும் அரங்கின் மேல்வரிசையில் இருப்பவருக்கு அது ‘ஏதோ கலங்கியது’ என்று மட்டுமே தெரியும். பக்கத்தில் நிற்கும் நடுவருக்கு எந்த டிரம், எந்தக் கை என்பது வரை தெரியும். ஸ்நேர் வரிசையிலும் அப்படித்தான்: குச்சி எழும்பும் உயரம் ஒருவருக்கு மட்டும் விரற்கடை கூடியிருப்பது, இரட்டை அடிகளை விரைந்து உருட்டும் ரோலின் இரண்டாம் அடி நசுங்குவது, சிற்றடியும் பேரடியும் அடுத்தடுத்து விழும் ஃப்ளாமில் சிற்றடி தட்டையாகிப் பேரடியோடு ஒட்டிக்கொள்வது எல்லாம் அருகிருந்து கேட்டால்தான் பிடிபடும். அதே சமயம் அவர் ஸ்நேர் பக்கம் நிற்கும் நேரத்தில் டெனர் வரிசை என்ன செய்தது என்பதை அவர் கேட்கவே மாட்டார். பதினொரு நிமிட நிகழ்ச்சியில் எந்த நிமிடத்தில் எங்கே நிற்பது என்பதே மதிப்பெண்ணின் ஒரு பகுதியாகிவிடுகிறது. 2009 முதல் இறுதிப் போட்டிகள் நடக்கும் இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம் மூடிய கூரையோடு ஒலியை எதிரொலித்துக் குழப்பும் இடம் என்பதால், அங்கே இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும்.

விதிகளை யார் எழுதுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். டிசிஐ என்பதே குழுக்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. விதி மாற்றங்களைக் குழுக்களின் இயக்குநர்களும் பயிற்றுநர்களும் முன்மொழிய, உறுப்புக் குழுக்கள் வாக்களித்து முடிவு செய்கின்றன. தேர்வு எழுதுகிறவர்களே தேர்வு விதியையும் எழுதுகிறார்கள். 2000இல் எந்தச் சுருதியிலும் அமைந்த பித்தளைக் கருவிகளுக்கும், 2004இல் பிட்டுக்கு ஒலிபெருக்கிக்கும், 2009இல் மின்னணு இசைக்கருவிகளுக்கும் அனுமதி வந்தது இந்த வழியாகத்தான். ஒவ்வொரு முறையும் பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை நான் விதியின் பக்கம் நிற்கிறேன்: அதற்கு முன்பு மரிம்பா கலைஞர்கள் மைதானத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று கடினமான மேலட்டுகளால் (தலைப்பகுதி உருண்ட குச்சிகளால்) கருவியை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள், இப்போது மென்மையான வாசிப்புக்கும் தாளில் மதிப்பு கிடைக்கிறது. சிந்தசைஸரின் அடித்தொனியை அளவுக்கு மீறி ஏற்றி, பாஸ் டிரம்களின் இடைவெளிப் பிசகுகளை அதன் அடியில் மறைத்துவிடும் தந்திரத்தை மட்டும் எந்தத் தாளும் இன்னும் சரியாகப் பிடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, ரசிகர் கைக்கு வந்து சேரும் பட்டியல். குழு, தாள், நடுவர், இரு கட்டங்களின் எண்கள், ஒவ்வொரு தாளிலும் பெற்ற இடம், நேரமீறல் போன்றவற்றுக்கான கழிவு என எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். இந்த அளவு வெளிப்படைத்தன்மை கலைப் போட்டிகளில் அரிது. நம் ஊரில் எத்தனையோ இசைப் போட்டிகளில் முதல் பரிசு யாருக்கு என்பதற்கு மேல் ஒரு சொல் வெளியே வருவதில்லை. ஆனால் இந்தப் பட்டியல் எண்களோடு நின்றுவிடுகிறது. நிகழ்ச்சி நடக்கும்போதே நடுவர் தாம் கேட்பதையெல்லாம் பேசிப் பதிவு செய்கிறார். ஒரு காலத்தில் ஒலிநாடா, இப்போது கையடக்கக் கணினி. ‘இங்கே இடது ஓரம் முந்துகிறது’, ‘இந்த ரோல் நன்றாகத் திறந்து ஒலிக்கிறது’ என்ற வகையில் கணத்துக்குக் கணம் வரும் அந்தக் குரலே மதிப்பெண்ணின் காரணம். அது குழுவின் பயிற்றுநர்களுக்குப் போகிறது. போட்டிக்குப் பின் நடுவரைச் சந்தித்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பும் அவர்களுக்கு உண்டு. கட்டணம் செலுத்திப் பார்க்கும் ரசிகருக்கோ பொதுவாக எண் மட்டுமே கிடைக்கிறது. தனி ஆவர்த்தனத்தை ரசித்துக் கேட்டவரிடம் கடைசியில் ஒரு சீட்டில் ‘19.4’ என்று மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவதைப் போன்றது இது. இளம் கலைஞர்களைப் பெயரிட்டுக் குறைசொல்லும் பதிவை உடனே பொதுவில் வைக்கக் கூடாது என்ற தயக்கம் நியாயமானதே. பருவம் முடிந்தபின், குழுக்களின் இசைவோடு, இறுதிச் சுற்றின் தாளவாத்தியப் பதிவுகளை மட்டுமாவது சந்தாதாரர்களுக்குத் திறந்துவிடலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் நான் கொடுப்பேன்.

முழு நிகழ்ச்சியும் தாளவாத்தியமாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு உள்ளரங்கப் போட்டிகள் நடத்தும் டபிள்யூஜிஐ (வின்டர் கார்டு இன்டர்நேஷனல்) பொருத்தமானது. 1977இல் உள்ளரங்கக் கலர் கார்டு போட்டிக்காகத் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, 1990களில் தாளவாத்தியக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டது. ஓஹாயோவின் டேட்டன் நகரில் வசந்த காலத்தில் அதன் இறுதிப் போட்டிகள் நடக்கின்றன. ஊதுகருவிகளின் நிழலே இல்லாததால் அங்கே தாள்கள் எல்லாமே டிரம்லைனைப் பற்றியவை. நிகழ்ச்சிகள் குறுகியவை, தூரம் குறைவு, ஒலித் தாமதச் சிக்கலும் குறைவு. மைதானத்தின் பிரம்மாண்டம் மட்டும் அங்கே கிடைக்காது.

மதிப்பெண் பட்டியலுக்காக மட்டும் என்றால் டிசிஐக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். காரணத்தை ரசிகருக்குச் சொல்லாததால் ஒன்றைப் பிடித்துவைக்கிறேன். நேரலைச் சந்தா வாங்குகிறவர்கள் பருவத் தொடக்கத்துக்கு ஒரு போட்டியும் ஆகஸ்டில் இறுதிப் போட்டிகள் நடக்கும் வாரமும் பார்த்தால் போதும்; நடுவில் உள்ளவற்றுக்குப் பட்டியல்களே வழிகாட்டும். பட்டியலைத் திறந்ததும் மொத்தத்தைப் பார்க்காமல் தாளவாத்தியத் தாளின் இரு கட்டங்களுக்கும் இசைப் பகுப்பாய்வுத் தாளுக்கும் முதலில் செல்லுங்கள். தாளவாத்தியத்தில் இரண்டாம் இடமும் பகுப்பாய்வில் ஆறாம் இடமும் பெற்ற குழு ஒன்று இருந்தால், அதன் நிகழ்ச்சியைப் பேட்டரி மைதானத்தின் பின்பகுதிக்குப் போகும் கட்டத்திலிருந்து மீண்டும் ஓடவிட்டுப் பாருங்கள். பிட் எந்த இடத்தில் காதை விட்டுக் கண்ணை நம்பியது என்பது பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும். நேரில் செல்ல வாய்ப்புள்ளவர்கள் அரங்கின் முன்வரிசையை விட்டு மேல்வரிசையில் சீட்டு வாங்குங்கள், நிகழ்ச்சிக்கு முன்பாக வாகன நிறுத்துமிடத்துக்கும் ஒரு நடை சென்றுவாருங்கள். பேட்டரிகள் அங்கேதான் கையைச் சூடேற்றிக்கொள்கின்றன. ஐந்தடி தூரத்தில் நின்று கேட்கலாம்.